ஆண் சிங்கங்கள் ஏன் கூட்டணி சேர்கின்றன?

இரண்டு, மூன்று ஆண் சிங்கங்கள், சில சமயம் அதற்கும் மேல், சேர்ந்து ஓர் எல்லையையும் அங்குள்ள பெண் சிங்கங்களையும் தம்வசம் வைத்திருப்பதுதான் கூட்டணி. தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் பகுதியில் 2006 முதல் கோலோச்சிய மபோகோ அணியில் 6 ஆண்கள்!

தனி ஆளாகக் காப்பது கடினம். வெளியாட்கள் ஜெயித்தால் பழைய குட்டிகளைப் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். குட்டி இல்லாவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடி இனச்சேர்க்கைக்குத் தயாராகும். காரணம் அவ்வளவுதான், கொடூரம்தான்.

சரி, தினமும் சண்டையா? இல்லை. இரவில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டே தெருவைச் சுற்றுவாரே, அதுபோலத்தான் கர்ஜனையும் சிறுநீர் அடையாளமும். கர்ஜனை சுமார் 8 கி.மீ. வரை கேட்கும். எதிரணியில் ஆள் அதிகம் என்று தெரிந்தால் பலரும் ஒதுங்கிவிடுவார்கள்.

அப்புறம், அணியில் எல்லாரும் அண்ணன் தம்பிகள் என்பது தவறு: இருவர், மூவர் அணிகளில் உறவே இல்லாத சிங்கங்களும் உண்டு.