கணினிக் கேள்வி-பதில்: ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டால் போதுமா?

கேள்வி: மடிக்கணினியில் இடம் போதாததால், மகளின் திருமணப் படங்களையும் நிலப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகளையும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கணினியிலிருந்து அழித்துவிட்டேன். கைப்பேசிப் படங்கள் கூகுள் போட்டோஸில் இருக்கின்றன. இனிக் கவலையின்றி இருக்கலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இருக்க இயலாது. முன்பு கணினியில் ஒரே பிரதியாக இருந்த படங்கள் இப்போது ஹார்டு டிஸ்க்கில் ஒரே பிரதியாக இருக்கின்றன. பாதுகாப்பு சிறிதும் கூடவில்லை. உள்ளே வேகமாகச் சுழலும் தட்டுகளைக் கொண்ட அந்தச் சாதனம் மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தாலே பழுதாகிவிடலாம். பெருஞ்செலவு செய்தாலும் படங்கள் மீளும் என்பதற்கு உறுதியில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 என்னும் முறையே வீட்டுக்கு ஏற்றது. பிரதிகள் மூன்று, சாதன வகைகள் இரண்டு, அவற்றுள் ஒரு பிரதி வேறு இடத்தில். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 2021 நவம்பரில் பாலாற்றிலும் கௌண்டின்ய நதியிலும் வெள்ளம் வந்ததை நீங்கள் அறிவீர்கள். வீட்டுக்குள் நீர் புகுந்தால், ஒரே பீரோவில் இருக்கும் மடிக்கணினியும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். ஆகவே இன்னொரு டிஸ்க் வாங்கி மகள் வீட்டில் வைத்துவிட்டு, சிரசுத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் அவர் வரும்போது உங்களிடமுள்ள புதிய பிரதியைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரப் பிரதிகள் இருப்பதால் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் பூட்டு அவசியம். கடவுச்சொல் மறந்தால் டிஸ்க்கைத் திறக்க உதவும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதித் தனியே வையுங்கள்.

கூகுள் போட்டோஸை முழுமையான பேக்கப்பாக நான் கருதுவதில்லை. கைப்பேசிச் செயலியில் ஒரு படத்தை நீக்கினால் இணையக் கணக்கிலிருந்தும் அது நீங்கி, குப்பைத் தொட்டியில் 60 நாள் இருந்துவிட்டு மறைந்துவிடும். இலவச இடமான 15 ஜிபியும் ஜிமெயில், டிரைவ் ஆகியவற்றுக்கும் சேர்த்தே தரப்படுகிறது; 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் புதிய படங்களும் அந்த 15 ஜிபிக்குள்தான் சேரும். அதை மூன்று பிரதிகளுள் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. (திருமணப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தவை என்றால், அவை தரம் குறைக்கப்பட்டவையாக இருக்கக்கூடும், மூலக் கோப்புகளை ஸ்டுடியோவிலிருந்து இப்போதே கேட்டுப் பெறுங்கள்.)

நகலெடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர், இணைப்பில் இருக்கும் டிஸ்க்கையும் விட்டுவைக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெவ்வேறு ஃபோல்டர்களில் சில படங்களையாவது திறந்து பார்ப்பதும் அவசியம், ஏனெனில் பெயர் தெரியும் கோப்பெல்லாம் திறக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தால் போதாதா?
- வாசகி, ஆரணி

பதில்: போதாது. பென் டிரைவ் தரவை மின்னேற்றமாகத் தாங்கி நிற்பது. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்தால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் இன்னும் விரைவாகக் கசியும். நம் பக்கத்துக் கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஜெராக்ஸ் கடைக்குக் கோப்பு எடுத்துச் செல்ல அதை வைத்துக்கொள்ளுங்கள்.