யூரோப்பாவைக் கேட்கும் மகளுக்கு எந்த சீட்?

போன வாரம் விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தது. பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. வேதியியல் கேட்கிறாள், வியாழனின் பனி நிலவான யூரோப்பாவை ஆராய வேண்டுமாம். பெரியப்பா ஏற்கெனவே நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார். "அவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்" என்றார் அப்பா, பயந்த முகத்தோடு.

ஐயா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த சீட் வேண்டாம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, அவள் கேட்காத படிப்பை வாங்கித் தருவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

அவள் என்னிடம் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: "அவ்வளவு குளிரில் ஆக்சிஜன் எப்படி உண்டாகுது?" வியாழனின் காந்தப்புலத்தில் சுழலும் மின்னூட்டத் துகள்கள் பனியில் மோதி நீர் மூலக்கூறை உடைக்கின்றன. லேசான ஹைட்ரஜன் தப்பிவிடும், ஆக்சிஜன் மெல்லிய போர்வையாகத் தங்கும். 1995-ல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. 2022-ல் அருகே பறந்த ஜூனோ விண்கலத்தின் அளவீட்டிலிருந்து, நொடிக்குச் சுமார் 12 கிலோ ஆக்சிஜன் உருவாகிறது என்று கணக்கிட்டார்கள். யூரோப்பாவின் தாரா ரீஜியோ என்ற பகுதியில் சமையல் உப்பும், 2023-ல் கார்பன் டை ஆக்சைடும் தெரியவந்தன. இதெல்லாம் முழுக்க வேதியியல்.

இந்த வேலைக்கு ராக்கெட்டில் ஏற வேண்டியதில்லை. வெற்றிடக் கலத்துக்குள் பனிப்படலம் வளர்த்து, எலக்ட்ரான் பாய்ச்சி, கிளம்பும் வாயுவை, மூலக்கூறுகளை நிறையை வைத்து இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்ப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி. வேதியியல் துறையில் மைனஸ் 240 டிகிரிக்கும் கீழே நீர்ப்பனிக்கூட்டுக்குள் மீத்தேன் அடைபடுவதைக் கண்டு 2019-ல் வெளியிட்டார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் இப்படிப் பனியை வைத்துச் சோதனைகள் நடக்கின்றன. 2030-ல் வியாழனை அடையவிருக்கும் நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலத்திலும் ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் போகிறது. அதே வகைக் கருவிதான் மருந்து கம்பெனியிலும் தடய அறிவியல் கூடத்திலும் இருக்கிறது. ஆராய்ச்சி வேண்டாம் என்று அவள் பிறகு நினைத்தாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

வழி நீளம்தான், மறைக்கவில்லை: பி.எஸ்சி., ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., அப்புறம் ஐந்து வருடம் பிஎச்.டி. நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் அரசுக் கலைக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம்தான் செலவு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால் ஆரம்பத்திலேயே மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். இடையில் கல்யாணப் பேச்சை எடுத்து அவளைக் கலைக்காதீர்கள்.

சேர்க்கும் முன் கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்குள் அவளோடு போய்ப் பாருங்கள். கருவிகளை இளநிலை மாணவர்கள் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே, பெரியப்பாவை அழைத்துப் போய் அந்த முன்பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.