டிகாஸ் ‘ஏறு’ என்கிறது, கட்டுப்பாட்டாளர் ‘இறங்கு’ என்கிறார்: விமானி யார் சொல்லைக் கேட்பது?

தண்டையார்பேட்டைப் படிப்பகத்தில் வாசகர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் அளித்த பதில்கள்.

ஐயா, மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸும் கட்டுப்பாட்டாளரும் நேர்மாறாகக் கட்டளையிட்டால் விமானி எதைப் பின்பற்ற வேண்டும்? (பொறியியல் மாணவி, ராயபுரம்)

டிகாஸைத்தான் பின்பற்ற வேண்டும், அம்மா. கட்டுப்பாட்டு அறையிலேயே காலந்தள்ளிய நான் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எதிரெதிரே நெருங்கும் இரு விமானங்களின் கருவிகளும் தமக்குள் செய்தி பரிமாறி, ஒன்று ஏறுவது, மற்றொன்று இறங்குவது என்று முடிவு செய்த பிறகே விமானிகளுக்கு ஆணையிடுகின்றன. அந்த உடன்பாடு தரையில் இருப்பவருக்குத் தெரியாது. அவருடைய ராடார் திரையும் சில வினாடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது.

கட்டுப்பாட்டாளர் சொன்னபடி நடந்ததால் விபத்து நேர்ந்ததுண்டா? (ஆசிரியர், வியாசர்பாடி)

உண்டு. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானம் ஒன்றும் டிஎச்எல் சரக்கு விமானம் ஒன்றும் மோதி 71 பேர் இறந்தனர். அந்த வான்பகுதியைக் கவனித்த, சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு அறையில் ஒருவரே இரண்டு இருக்கைகளின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; பராமரிப்புப் பணியால் தொலைபேசி இணைப்பும் தடைப்பட்டிருந்தது. அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்ன சில வினாடிகளில் அதன் டிகாஸ் ‘ஏறு’ என்றது. துணை விமானி அதைச் சுட்டிக்காட்டியும், கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்கிறாரே என்று கேப்டன் இறங்கினார். சரக்கு விமானமோ தன் டிகாஸுக்குக் கீழ்ப்படிந்து இறங்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, இடப்பக்கமிருந்து வந்த விமானத்தை வலப்பக்கம் இருப்பதாகக் கட்டுப்பாட்டாளர் சொல்லிவிட்டார். அவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டு ஆணைகளில் எது மேல் என்பதை அன்றைய விதிகளே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை. 2001 ஜனவரியில் ஜப்பானில் இரு விமானங்கள் இதே குழப்பத்தால் மயிரிழையில் தப்பி, ஏறத்தாழ நூறு பேர் காயமடைந்த பிறகும் அந்த விதிகள் உடனே திருத்தப்படவில்லை என்பதே என் ஆதங்கம்.

ரயிலில் ‘கவச்’ தானே பிரேக் போடுகிறது. டிகாஸும் அப்படியா? (ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

பெரும்பாலான விமானங்களில் இல்லை. விமானி தானியங்கியை விடுவித்து, ஐந்து வினாடிக்குள் கையால் இயக்க வேண்டும். பிறகு கட்டுப்பாட்டாளரிடம் ‘டிகாஸ் ஆர்ஏ’, அதாவது டிகாஸின் ஏறு அல்லது இறங்கு ஆணைப்படி நடக்கிறேன் என்று சொன்னால் போதும். ஆபத்து நீங்கியதாக விமானி அறிவிக்கும்வரை கட்டுப்பாட்டாளர் அவரது உயரத்தை மாற்ற முயலக் கூடாது.

நம் நாட்டில் எப்போது கட்டாயமானது? (திருவொற்றியூர்)

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே 349 உயிர்களைப் பறித்த மோதலுக்குப் பிறகு. அங்கே கட்டுப்பாட்டாளர் தந்த உயரம் சரியானதே. ஒரு விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது.

அப்படியானால் கருவியை எப்போதும் நம்பலாமா? (கொருக்குப்பேட்டை)

எப்போதும் அன்று. ‘டிராஃபிக்’ என்ற முதல் எச்சரிக்கை, கண்களைத் திறந்து வைத்துக்கொள் என்பதற்கே. அதை மட்டும் கேட்டு விமானி உயரத்தை மாற்றக் கூடாது, ‘ஏறு’, ‘இறங்கு’ என்ற ஆணை வரும்வரை கட்டுப்பாட்டாளரின் சொல்லே செல்லும். தரையில் மோதும் அபாயத்தையோ இறக்கைகள் தாங்குவிசையை இழப்பதையோ எச்சரிக்கும் கருவி ஒலித்தால் அதற்கே முதலிடம். டிரான்ஸ்பாண்டர் (கேட்கும் கருவிகளுக்கு ரேடியோவில் பதில் அனுப்பும் கருவி) இல்லாத பொருளை டிகாஸ் அறியவே அறியாது. எனவே விமான நிலையத்தை ஒட்டிப் பறக்கவிடும் பட்டமோ சிறு டிரோனோ அதன் கணக்கில் வராது.