வாசகர் கேள்வி – பதில்: வீட்டுத் திட்டப் பணம் கூரைக்கு முன்னரே ஏன் தீர்கிறது?

கேள்வி: இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டும் வீட்டுக்குப் பிறகு கடன் கட்ட வேண்டி வருமா? எங்கள் தோட்ட டிவிஷனில் அப்படித்தான் பேச்சு. – வாசகர், நோர்வூட்

பதில்: வராது. அது நன்கொடை. முதலில் ஒதுக்கிய 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கு, கிழக்குக்குப் போனது. மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000. 2017 மே மாதம் உங்கள் நோர்வூட்டுக்கே வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பேச்சு கிளம்புவதற்குக் காரணம் வேறொன்றாக இருக்கலாம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஒப்புக்கொண்ட சுமார் 300 கோடி டொலர் கடன்தான். அதை அரசாங்கம் திருப்பிக் கட்ட வேண்டும். 2024 ஜனவரியில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 18 ஆனதே, அந்தக் கடன் நமக்குத் தெரிவது அங்கேதான். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

கேள்வி: உதவிப் பணத்தில் கட்டும் வீடுகள் பல சுவரோடு நிற்கின்றன. பணம் போதாதா, கட்டுகிறவர்கள் தின்கிறார்களா? – வாசகர், ஹப்புத்தளை

பதில்: தின்பதும் நடக்கும். ஆனால் பாதி வழியில் நிற்கும் வீடுகளைப் பார்த்தால், பணத்தை விழுங்கியது பெரும்பாலும் நிலத்தின் சரிவுதான்.

பயனாளியே கட்டும் முறையில் தவணைகள் வேலையின் பின்னால் வரும்: அத்திவாரம் முடிந்து அதிகாரி பார்த்தால் அடுத்த தவணை, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. மதிப்பீடோ பெரும்பாலும் சமதரை வீட்டுக்குப் போட்டது. மண் வெட்டுவது, தாங்குசுவர், லொறி போகாத இடத்துக்கு மணலும் சல்லிக்கல்லும் தலைச்சுமையாக ஏற்றும் கூலி எல்லாம் அதற்கு வெளியே. அத்திவாரத் தவணையிலேயே கைக்காசு கரைந்துவிடும். போதாததற்கு, முதல் தவணை வந்த உற்சாகத்தில் திட்டத்தில் இல்லாத ஓர் அறைக்கும் அத்திவாரம் போடுவார்கள். அங்கேதான் கூரைத் தகரத்தின் காசு புதைகிறது.

ஆகவே கடப்பாரை எடுக்கும் முன்னே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுப் பரிந்துரையை வாங்குங்கள். வெட்டிய மண்ணைச் சரிவில் கொட்டி, அதன்மேல் சுவர் ஏற்றக் கூடாது. கொட்டிய மண் மழைக்கு இறங்கும், சுவர் வெடிக்கும். வீட்டின் பின்சுவரை வெட்டிய மண்முகத்தில் ஒட்டாமல் இடம் விடுங்கள். மேட்டில் காண் (வடிகால்) வெட்டி நீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். தாங்குசுவருக்குள் நீர் வெளியேற 2 அங்குலக் குழாய்களைப் பதித்து, பின்பக்கம் சல்லி நிரப்ப வேண்டும். குழாய் அடைபட்டால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். கொங்கிரீட்டுக்கு 1 பங்கு சீமெந்து, 2 மணல், 4 சல்லி. ஊற்றிய பின் 7 நாளாவது ஈரமாக வையுங்கள். மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி பாஸ் (மேசன்) சீமெந்தைக் குறைத்தால் உடன்படாதீர்கள். சுமை கூலியை எழுத்தில் கேட்டு, முதல் நாளே மதிப்பீட்டோடு ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி: பயனாளிப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. வீட்டுத் திட்டத்தில் வேலை செய்யும் ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு நேரே எழுதலாமா? – வாசகி, இராகலை

பதில்: எழுதலாம், பலன் குறைவு. அவர்கள் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி வேலை செய்கிறவர்கள். ஆள் தெரிவு இங்கேதான் நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு உதவும். பிரதேச செயலகத் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேளுங்கள்: தெரிவு அளவுகோல் என்ன, பட்டியல் எங்கே, வீடொன்றின் மதிப்பீடு எவ்வளவு? காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயாலும் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வெளிநாட்டுப் பணத்தில் பெருமளவு இயங்கி மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும். விண்ணப்பம் கையளித்த பற்றுச்சீட்டை மட்டும் தொலைக்காதீர்கள்.