‘கட்டாயம் வாங்குவேன்’ என்று 180 பேர் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: கரூரில் வீட்டிலேயே சிறுதானிய தோசை மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். கடன் வாங்கிப் பெரிதாகச் செய்ய ஆசை. வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் அனுப்பினேன். 212 பேர் பதில் போட்டதில் 180 பேர் ‘கட்டாயம் வாங்குவேன்’ என்றார்கள். 1,000 பேரிடம் சர்வே எடுத்துத் தர 1.2 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறது ஒரு ஏஜென்சி. வங்கியிலும் சர்வே ரிப்போர்ட் கேட்கிறார்கள். பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பணம் கிரைண்டருக்கு ஆகும். அதே சமயம், அந்த 180 பேரை நம்பிக் கடனும் வாங்காதீர்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்களைத் தெரிந்தவர்கள், உங்கள் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவர்கள். போதாததற்கு நீங்கள் கேட்டதே “ரசாயனம் கலக்காத, ஆரோக்கியமான சிறுதானிய மாவு நியாயமான விலையில் கிடைத்தால் வாங்குவீர்களா?” என்று. இதற்கு யார் வேண்டாம் என்பார்கள்? இனிமேல் செய்யப்போவதைக் கேட்காமல், போன வாரம் செய்ததைக் கேளுங்கள். கடந்த 7 நாளில் கடையில் மாவு வாங்கினீர்களா, எத்தனை பாக்கெட், எந்தக் கடையில், என்ன விலை? நான்கே கேள்விகள். இதில் கற்பனைக்கு இடமில்லை.

1,000 பேர் என்றதும் மலைத்துவிடாதீர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சுமார் 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-இல் வென்றார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? உங்கள் வாட்ஸ்அப் குழுவும் அப்படி ஒரு டைரக்டரிதான். பாரபட்சமில்லாமல் தேர்ந்தெடுத்த 400 பேர் இருந்தால், கிடைக்கும் சதவீதம் 5 புள்ளி அப்படி இப்படி இருக்கும். 1,000 பேர் என்றால் 3 புள்ளி. அந்த 2 புள்ளி உங்கள் முடிவை மாற்றாது.

எந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறீர்கள் என்பது முடிவை மாற்றும். காலை 11 மணிக்குப் போனால் வீட்டிலிருக்கும் பெண்கள்தான் கதவைத் திறப்பார்கள். அவர்களில் பலர் தாங்களே மாவு ஆட்டிக்கொள்பவர்கள். பாக்கெட் மாவு வாங்குகிறவர் அந்த நேரம் டெக்ஸ்டைல் கம்பெனியிலோ ஆபீஸிலோ இருப்பார். ஊரில் நான்கு பகுதிகளை எடுத்துக்கொண்டு, தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடாக, மாலை 6 மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் கேட்டுவிடாதீர்கள். மறுபடி போங்கள். நீங்கள் தேடும் ஆள் அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறார்.

ஏஜென்சி விஷயத்துக்கு வருகிறேன். இது என் வயிற்றெரிச்சல். களத்துக்குப் போகும் பையனுக்குப் பெரும்பாலும் ஃபார்ம் கணக்கில்தான் கூலி. ஒரு ஃபார்முக்கு இவ்வளவு என்றால் வெயிலில் அலைவானா, டீக்கடையில் உட்கார்ந்து நிரப்புவானா? சர்வே மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் என் மேஜைக்கு 40 ஃபார்ம் கொண்ட கட்டு ஒன்று வந்தது. ஒரு தாளிலும் மடிப்பு இல்லை, அழுக்கு இல்லை. எல்லாவற்றிலும் ஒரே நீல மை. ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற கேள்விகளில் எல்லோரும் 3 அல்லது 4. போன் நம்பர்களில் பத்தைக் கூப்பிட்டேன். இரண்டு பேர்தான் சர்வே நடந்தது என்றார்கள். ஏஜென்சியிடம் ஒன்று கேளுங்கள்: “பத்தில் ஒருவரை நானே கூப்பிட்டுச் சரிபார்க்கலாமா?” இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வங்கிக்கும் 1,000 பேர் தேவையில்லை. ரிப்போர்ட்டில் சர்வே பக்கம் இருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள், படிப்பதில்லை. அதனால்தான் ஒரே ரிப்போர்ட்டை ஊர் பெயர் மாற்றி மாற்றி விற்கும் ஆட்கள் பிழைக்கிறார்கள். நான் பார்த்த ஒன்றில் நடுப்பக்கத்தில் பழைய ஊரின் பெயரே அப்படியே இருந்தது. கடன் ஒப்புதலாகிவிட்டது. ஆனால் தவணை கட்டப்போவது அந்த அதிகாரி இல்லையே! உங்கள் 400 வீட்டுக் கணக்கை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

தெரிந்தவர்களிடம் கேட்கவே கூடாதா என்றால், ஒன்றுக்குக் கேட்கலாம்: ருசி. அதுவும் உங்கள் மாவு எது என்று சொல்லாமல். ஒரே கல்லில் வார்த்த இரண்டு தோசை, ஒன்று உங்கள் மாவு, இன்னொன்று கடை மாவு. தட்டுக்கு அடியில் மட்டும் அடையாளம். பாதிப் பேருக்கு உங்களுடையதை முதலில் கொடுங்கள், மீதிப் பேருக்கு இரண்டாவதாக. பசியில் முதலில் தின்பது எப்போதும் ருசிக்கும். சட்னி ஊற்றாதீர்கள், சட்னி எல்லாவற்றையும் மறைத்துவிடும். பரிமாறுவது நீங்களாக இருக்க வேண்டாம், உங்கள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அன்று அரைத்த மாவை மட்டும் வைக்காமல் மூன்றாம் நாள் மாவையும் வையுங்கள். வாடிக்கையாளர் ஃபிரிட்ஜில் இருக்கப்போவது அதுதான். 20 பேரில் 8 பேர் புளிக்கிறது என்றால், அது புளிக்கிறது. இதற்கு ஊரையே கேட்க வேண்டியதில்லை.

விலையைப் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள். ஒரே மாதிரியான இரண்டு கடைகளில் 50 பாக்கெட் வீதம் வையுங்கள், ஒன்றில் 60 ரூபாய், இன்னொன்றில் 75. அடுத்த வாரம் விலையை மாற்றிப்போடுங்கள். விற்றதை மட்டும் குறிக்காமல், திரும்ப வந்து வாங்கியவர்களைத் தனியாகக் குறித்து வைக்கக் கடைக்காரரிடம் ஒரு நோட்டு கொடுங்கள். மூன்றாவது வாரம் அந்த நோட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.