பின்குறிப்பில் ஒரு பாட்டி

அன்புள்ள ஐயா,

ஒவ்வொரு நாவலை முடித்ததும் அதில் கற்ற வாழ்க்கைப் பாடங்களை நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ படித்தேன். மாற்றத்தை ஏற்கச் சொல்கிறாரா, பழையதைக் காக்கச் சொல்கிறாரா என்று பிடிபடவில்லை. ஆழமான கருத்துள்ள நாவல்களின் பட்டியல் தர முடியுமா? ஒலிப்புத்தகமாகக் கேட்கலாமா?

பி.கு.: சில பக்கங்களைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். “சாமைக் காட்டுல தேயிலை வெச்சா, அடைமழைக்கு வீட்டுல என்ன இருக்கும்?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது.

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

ஒலிப்புத்தகம் தாராளமாகக் கேளுங்கள். பட்டியல் தர மாட்டேன். உங்கள் கடிதத்தில் உருப்படியான விஷயம் பின்குறிப்பில்தான் இருக்கிறது. அதற்குப் போய்ச் சிரித்திருக்கிறீர்கள்!

நான் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவன். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் எங்களுடையவை. வாரப்பத்திரிகைத் தொடர்கதையை அம்மா சத்தமாக வாசிப்பார். எழுத்தறியாத பக்கத்து வீட்டு அத்தை ரொட்டி தட்டியபடியே கேட்பார். ஒரு வாரம் கதாநாயகி கோபித்துக்கொண்டு இரவோடு இரவாகப் பஸ் ஏறிவிட்டாள். அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது. அத்தை நிமிர்ந்து, “கைப்பிள்ளைய யாருகிட்ட விட்டா? அங்க பிள்ளைக்காம்பரா இல்லையா?” என்றார். பிள்ளைக்காம்பரா என்பது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துக் காப்பகம். அம்மா முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். எழுதியவர் குழந்தையை மறந்தே போயிருந்தார். அந்தக் கதைமேல் அத்தைக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று. பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவருக்குத் தெரியாதா?

நாவலிடம் கேட்க வேண்டியது இதைத்தான். உலை யார் வைத்தது, காசு எங்கிருந்து வந்தது, பிள்ளை யாரிடம் இருந்தது. இதற்குப் பதில் வைத்திருக்கிற எழுத்தாளரை நம்பலாம். ‘இக்கதை உணர்த்தும் நீதி’ என்பதையெல்லாம் ஐந்தாம் வகுப்போடு விட்டிருக்க வேண்டாமா?

ராஜம் கிருஷ்ணன் கணவரின் மின்துறை வேலையால் நீலகிரியில் இருந்தபோது அங்குள்ள படகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில் பழகி எழுதிய நாவல் ‘குறிஞ்சித்தேன்’. 1963இல் நூலாக வந்தது. சாமையும் ராகியும் விளைந்த நிலத்துக்குத் தேயிலை வருகிறது, ஊருக்கு மின்திட்டம் வருகிறது. மாற்றமா பழையதா, அவர் எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஆனால் உங்கள் பாட்டி புத்தகத்தின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார். சாமைக்கு விலை இல்லையென்றால் வடித்துச் சாப்பிடலாம். பறித்த கொழுந்தை அன்றே ஃபாக்டரிக்குக் கொடுக்காவிட்டால் குப்பை. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது உங்கள் மலையில் சிறு விவசாயிகள் வீதிக்கு வந்தது அதனால்தான். நீங்கள் அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். பாட்டி அடுப்படியில் இருந்திருப்பார்.

சரி, அந்த நோட்டை எடுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாமை விதைத்தது எப்போது, தேயிலை வைக்கலாம் என்று முடிவெடுத்தது யார், பாட்டியிடம் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டார்களா என்று அவரிடமே விசாரித்து எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.