பாங்காக்கில் 1,400 பாத் அறை உண்மையிலேயே மலிவானதா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். பொங்கல் விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 68 வயதான அம்மா ஆகியோருடன் பாங்காக் சென்று ஐந்து இரவுகள் தங்கவிருக்கிறேன். எங்களுக்கு இரண்டு அறைகள் தேவை. அதற்கு 60,000 ரூபாய் ஒதுக்கியுள்ளேன். லாட் பிராவ் பகுதியில் ஓர் அறை 1,400 பாத்துக்குக் கிடைக்கிறது. பயா தாய் நிலையத்துக்கு அருகில் வரியும் காலை உணவும் சேர்த்து 2,000 பாத். இரண்டாவது ஹோட்டலில், பணம் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனையோடு இப்போதே செலுத்தினால் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. அடுக்குமாடி வீடு ஒன்றை நாள் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார் நண்பர். எது சிக்கனம்?

பதில்: நீங்கள் அனுப்பிய லாட் பிராவ் ஹோட்டலின் விலைப்பட்டியலில் 1,400 என்ற எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றன. 10 சதவீத சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின் மீது 7 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் தனி என்பதே அவற்றின் பொருள். ஆக அந்த அறையின் வாடகை ஏறத்தாழ 1,648 பாத். இரண்டு அறைகளுக்கு ஐந்து இரவுகளில் 16,478 பாத். பயா தாய் ஹோட்டலுக்கு 20,000 பாத். நீங்கள் 6,000 பாத் என்று எண்ணியிருந்த வேறுபாடு இங்கேயே 3,522 ஆகச் சுருங்கிவிடுகிறது.

இனி, அறைக்கு வெளியே ஆகும் செலவைப் பார்ப்போம். லாட் பிராவ் சாலையின் மேல் 2023 முதல் மஞ்சள் தட ரயில் ஓடுகிறது என்பதால் அங்குள்ள ஹோட்டல்கள் பலவும் 'நிலையத்துக்கு அருகில்' என்று விளம்பரம் செய்கின்றன. ஆனால் நீங்கள் குறிப்பிடும் ஹோட்டல், 'சோய்' எனப்படும் நீண்ட கிளைச் சந்தின் உட்பகுதியில் இருக்கிறது. அம்மாவை அவ்வளவு தூரம் நடக்க வைக்க முடியாது. சாதாரண டாக்சியில் நான்கு பயணிகளே ஏறலாம், நீங்களோ ஐந்து பேர். ஒவ்வொரு முறையும் இரண்டு டாக்சிகள், வண்டிக்கு 60 பாத், காலையும் மாலையும் என்று மதிப்பிட்டால் ஐந்து நாட்களில் 1,200 பாத் ஆகிறது. காலை உணவுக்கு ஆளுக்கு 80 பாத் என்றால் 2,000 பாத். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பயா தாய் வரை நேரடி ரயிலில் ஒருவருக்கு 45 பாத் மட்டுமே; லாட் பிராவுக்கு இரண்டு டாக்சிகள் பிடித்தால் மீட்டர் கட்டணத்தோடு வண்டிக்கு 50 பாத் விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சேர்ந்து, போய்வர எப்படியும் 950 பாத் அதிகமாகும் என்பது என் மதிப்பீடு. மொத்தம் 4,150 பாத். மலிவான அறைதான் 628 பாத் அதிக விலையுள்ளது! நெரிசலில் கழியும் நேரத்துக்கு நான் விலையே போடவில்லை.

பயா தாயில் விமான நிலைய ரயிலும் 1999இல் தொடங்கிய வான்ரயிலும் சந்திக்கின்றன. அங்கிருந்து சியாம் நிலையத்தில் மாறி சீலோம் பகுதிக்குச் செல்லலாம். தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் அங்கே இருப்பதால் அம்மாவுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். அரண்மனைக்கு அருகில் மலிவாக ஏதேனும் கண்ணில் பட்டால், ஊதா தட ரயிலுக்கான சுரங்கப் பணிகள் பழைய நகரத்தின் ஊடாக நடந்துவருவதை நினைவில் கொண்டு, கடைசி மூன்று மாதங்களின் விமர்சனங்களை மட்டும் படியுங்கள். இந்த நகரில் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படத்தில் தெரியும் காலி மனையில் இன்று கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கலாம்.

தள்ளுபடியைப் பொறுத்தவரை, 3,000 பாத்தை மிச்சம் பிடிப்பதற்காக 17,000 பாத்தைப் பணயம் வைக்கிறீர்கள். பயணம் ரத்தாகும் வாய்ப்பு 15 சதவீதத்துக்கும் குறைவு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் அது லாபம். பள்ளிப் பிள்ளைகளும் வயதான அம்மாவும் உள்ள வீட்டில் அந்த உறுதி எனக்கு வராது. ரத்து செய்யக்கூடிய முறையில் பதிவு செய்துகொண்டு, கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பு விலையை மீண்டும் பாருங்கள். குறைந்திருந்தால் புதிதாகப் பதிந்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம்.

நண்பர் சொல்லும் வீட்டைத் தவிர்த்துவிடுங்கள். சமையலறை இருப்பது சைவ உணவுக்காரர்களுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தாய்லாந்தின் 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி, உரிமம் பெறாத வீட்டை நாள் வாடகைக்கு விடக்கூடாது. வாசலில் காவலர் தடுத்து நிறுத்தினால், இரவோடு இரவாக வேறு அறை தேடும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஒரு பாத் 2.80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000 பாத் என்பது 56,000 ரூபாய். பல வங்கிகளின் கார்டுகளில் அந்நியச் செலாவணிக்கான கூடுதல் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 4.13 சதவீதம், அதாவது சுமார் 2,313 ரூபாய். இந்தக் கட்டணம் இல்லாத அல்லது குறைவான கார்டு உங்களிடமோ மனைவியிடமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹோட்டலில் 'ரூபாயிலேயே கழிக்கட்டுமா?' என்று கேட்டால் மறுத்து, பாத்திலேயே செலுத்துங்கள்; ரூபாய் மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபமும் அடங்கியிருக்கும். அறை வைப்புத்தொகைக்கு டெபிட் கார்டைக் கொடுக்க வேண்டாம். கிரெடிட் கார்டில் அந்தத் தொகை அளவுக்குக் கடன் வரம்பு மட்டுமே முடங்கும். டெபிட் கார்டில் உங்கள் பணமே பல நாட்கள் முடங்கிவிடும்.

உங்கள் விமானம் அதிகாலை ஐந்து மணிக்குத் தரையிறங்குகிறது. அறையோ பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். முன்னதாக அறை தர முடியுமா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். உறுதியான பதில் வராவிட்டால் முந்தைய இரவுக்கு ஓர் அறையை மட்டும் சேர்த்துப் பதியுங்கள். 2,000 பாத், அதாவது 5,600 ரூபாய் கூடுதலாகி மொத்தம் 61,600 ரூபாயாகும்; கூடுதல் கட்டணமில்லாத கார்டு இருந்தால், உங்கள் ஒதுக்கீட்டை 1,600 ரூபாய் மட்டுமே தாண்டுகிறீர்கள். தூங்காத அம்மாவையும் பெட்டிகளையும் வரவேற்பறையில் எட்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, அந்த 1,600 ரூபாயைப் பிள்ளைகளின் வணிக வளாகச் செலவிலிருந்து எடுத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.